முப்பத்துமூன்று டிகிரியில் ஒரு ஜாடி

போன மாதம் சீனிவாசலு பெங்களூரிலிருந்து போன் செய்தான். என்னிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தவன். இப்போது சொந்தமாகக் குளிர்சாதன வேலைகளைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். சந்தேகம் வந்தால் மட்டும் திருப்பதியில் ஒரு கிழவன் இருப்பது அவனுக்கு ஞாபகம் வரும்.

"சார், ஒரு சின்ன பீர் ஃபாக்டரி ஆர்டர் வந்துகீது," என்றான். "பீர் பொங்கி அடங்கினப்புறம் ஆறு வாரம் ஜீரோ டிகிரில வெச்சிருக்கணுமாம். ஒரேடியா எறக்கக் கூடாதாம், தெனம் கொஞ்சம் கொஞ்சமா எறக்கணுமாம். ஆறு வாரம் மிஷின் ஓடிக்கினே இருக்கும், உள்ள ஒண்ணுமே நடக்காது. சும்மா கெடக்கற தண்ணிக்கு எதுக்கு சார் இவ்ளோ கரண்டு? ரெண்டே நாள்ல எறக்கி முடிச்சிட்டா இன்னா?"

"சும்மா கெடக்குதுன்னு உனுக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"நீங்க பீர் கம்பெனில வேலை பார்த்துகிறீங்களா சார்?"

"இல்லடா. பீர் கேஸ்ல மாட்டினேன்."

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முழுக்கதையையும் எழுதி அனுப்பச் சொன்னான். நாற்பது வருஷம் குளிரோடு குடித்தனம் செய்தவன் நான். ஒரு சொட்டு பீர் குடித்ததில்லை. ஆனாலும் இத்தனை வருஷ வேலையில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற காரியம் எது என்று கேட்டால் அந்த ஜாடியைத்தான் சொல்வேன்.

எங்களுக்கு நகரிப் பக்கம். நைனாவுக்கு நான் நிலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எனக்கு வெயிலென்றால் ஆகாது. வெயில் ஆகாதவனுக்கு அந்தச் சீமையில் என்ன வேலை இருக்கிறது? திருப்பதியில் ஒரு ஐஸ் ஃபாக்டரியில் போய்ச் சேர்ந்தேன். அம்மோனியா கசிந்தால் கந்தகக் குச்சியைக் கொளுத்திக் குழாய் ஓரமாகக் கொண்டுபோக வேண்டும், கசிகிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும். இதையும் இன்னும் இது மாதிரி நாலைந்தையும் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று. கண்ணெரிச்சலும் இருமலும்தான் மிச்சம். பிறகு சித்தூரில் வேறொரு ஐஸ் ஃபாக்டரிக்கு ஆபரேட்டராகப் போனேன். ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது.

அங்கே நாயுடு மேஸ்திரி இருந்தார். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். நான் பார்த்த நாள்வரை சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை. மிஷின் ஓடும் இரைச்சலில் நாங்கள் எல்லோரும் கத்துவோம். அவர் பக்கத்தில் வந்து காதோடு சொல்வார். அதனால் அவர் நம்மை நோக்கி நடந்து வந்தாலே, எதில் தப்புச் செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். குழாயைத் தொட்டுப் பார்ப்பதென்றால் புறங்கையால்தான் தொடுவார். பனி எவ்வளவு படிந்திருக்கிறது, எங்கே உருகியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, மீட்டர் என்ன காட்டும் என்பதை முதலில் தான் சொல்வார். அப்புறம் என்னைப் போய் மீட்டரைப் பார்க்கச் சொல்வார். சரியாக இருக்கும். எனக்கு எரிச்சலாகவும் வரும், ஆச்சரியமாகவும் இருக்கும்.

லாக் புத்தகம் எழுதுவதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நேரம், டிகிரி, அழுத்தம், உப்புத்தண்ணீரின் அளவு. இவ்வளவுதான். ஒருநாள் நான் "ஐஸ் நன்றாக வந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அருகில் வந்தார்.

"நல்லா வந்ததுன்னு எந்த மீட்டர் சொல்லிச்சு?"

"கண்ணால பார்த்தேன் மேஸ்திரி."

"நீ கண்ணால பார்த்ததை வூட்ல போய்ச் சொல்லு. இதுல கருவி சொன்னதை மட்டும் எழுது."

அந்த வரியை அடித்தேன். அதன் பிறகு நான் கண்ணால் பார்த்த எதையும் அந்தப் புத்தகத்தில் எழுதியதில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் கௌரவம் என்பது கண்ணாடி ஐஸ். தண்ணீரை டப்பாவில் ஊற்றி உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சும்மா விட்டால் நடுவில் வெள்ளையாகப் புகை மூட்டம் போட்டுக்கொண்டு உறையும். அது வராமலிருக்க மெல்லிய குழாய் வழியாகக் காற்றை ஊதித் தண்ணீரை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அழுக்கெல்லாம் நடுவுக்கு ஒதுங்கும். கடைசியில் அந்த நடுத்தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட வேண்டும். அப்படிச் செய்தால் பாளத்தின் இந்தப் பக்கம் வைத்த பத்திரிகையை அந்தப் பக்கமிருந்து படிக்கலாம். தெளிந்திருந்தால் நல்ல சரக்கு, கலங்கியிருந்தால் சோம்பேறிச் சரக்கு. எங்களுக்குத் தெரிந்த நியாயம் இதுதான்.

ஒரு மாசி மாதம், மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஒருவர் கோர்ட் உத்தரவோடு எங்கள் ஃபாக்டரிக்கு வந்தார். பின்னால் மாட்டு வண்டியில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி, ஆசிட் வருமே அந்த மாதிரி, வைக்கோல் சுற்றியது. வாயில் ஒரு தக்கை. தக்கை வழியாக ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து, பக்கத்தில் கட்டியிருந்த சின்ன பாட்டில் தண்ணீருக்குள் முழுகியிருந்தது. தக்கையைச் சுற்றி அரக்கு சீல்.

விஷயம் இதுதான். புத்தூர்ப் பக்கத்தில் முனிரத்தினம் என்று ஒருவர். கோலார் தங்கவயலில் ஒரு சுரங்க என்ஜினீயர் துரைக்குப் பல வருஷம் பட்லராக இருந்தவர். துரை ஊருக்குப் போனபின் இவர் மாமனார் ஊருக்கு வந்து சேர்ந்தார். துரை வீட்டில் கற்றுக்கொண்ட ஒரு வேலையை அவரால் விட முடியவில்லை. பார்லியை ஊறவைத்து, ஈரச் சாக்கில் முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்து, பீர் காய்ச்சினார். யாருக்கும் விற்றதாகக் கேஸ் இல்லை. ஆனால் மதுவிலக்கு அமலில் இருந்த இடத்தில் காய்ச்சினாலே குற்றம். இரண்டு ஜாடி பிடிபட்டது.

பிடிபட்டபோது அவர், "அது பார்லித் தண்ணிங்க, என் சம்சாரத்துக்கு நீர்க்கடுப்பு," என்று சொல்லிவிட்டார். பார்லித் தண்ணீர் குடிக்காத வீடு அந்தப் பக்கம் உண்டா? அவர் மனைவிக்கு நீர்க்கடுப்பு இருந்ததும் நிஜம்தான். அதனால் கேஸ் முழுக்க ஜாடிக்குள் இருப்பது பார்லித் தண்ணீரா பீரா என்பதில் வந்து நின்றது.

பரிசோதனைக்கு அனுப்பிய மாதிரி பாட்டில் எந்த ராஜ்யத்துக்குப் போக வேண்டுமென்று தெரியாமல் ரயிலில் அங்குமிங்கும் போய் எங்கோ வழியில் உடைந்தது. இரண்டு ஜாடிகளில் ஒன்றின் குழாயைப் பிடுங்கிவிட்டுத் தக்கையை அழுத்தி அரக்கு வைத்திருந்தார்கள். உள்ளே கிளம்பும் வாயு வெளியேற வழியில்லாமல் அது பத்தாம் நாள் வெடித்து, கேஸ் கட்டுகளெல்லாம் நனைந்து போயிற்று. மிச்சம் இந்த ஒரே ஜாடி. இதையும் வெடிக்கவிட்டால் கேஸே இல்லை. கேஸ் முடியும்வரை குளிர்ச்சியான இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும் என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட்டிருந்தார்.

நாயுடு உத்தரவைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இது உன் பொறுப்பு."

கையெழுத்து நான்தான் போட்டேன்.

உள்ளே ஐஸ் அடுக்கும் அறையில் வைத்தால் ஜாடி உறைந்து வெடித்துவிடும். அதற்கு முன்னால் நடைபோல நீளமாக ஒரு முன்னறை உண்டு, தரையில் உமி பரப்பியது. வெளிவாசல் பக்கம் அறுபது டிகிரி இருக்கும், ஐஸ் அறைக் கதவோரம் முப்பத்துமூன்று. அப்போதெல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. முப்பத்திரண்டில் தண்ணீர் உறையும். நான் ஜாடியை நேரே கதவோரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், சின்ன பாட்டிலில் இருந்த தண்ணீர் குழாயில் ஏறிக்கொண்டிருக்கிறது! முக்கால் தூரம் ஏறிவிட்டது. யாரோ மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுவது மாதிரி இருந்தது. "மேஸ்திரி!" என்று போட்ட கூச்சலில் லோடு ஆட்கள் ஓடி வந்தார்கள்.

நாயுடு ஓடவில்லை, நடந்துதான் வந்தார். பார்த்தார். "ஜாடியை வாசலுக்குக் கொண்டாங்க. நெம்மதிகா, நெம்மதிகா," என்றார், மெதுவாக என்று. அவருக்கு அவசரமில்லாத நேரத்தில்தான் தமிழ் வரும், அவசரத்துக்குத் தெலுங்குதான். வாசலுக்குக் கொண்டுவந்ததும் குழாயில் ஏறிய தண்ணீர் மெல்ல இறங்கிற்று.

"உள்ள இருக்கறது திடீர்னு குளுந்தா சுருங்கும்," என்று காதோடு சொன்னார். "சுருங்கினா வெளிய இருக்கறதை இழுக்கும். பச்சைத் தண்ணி ஒரு கரண்டி உள்ள போனாலும் சாட்சியைக் கலைச்சோம்னு ஆயிடும். நீயும் நானும் உள்ள. தொந்தரபடொத்துரா கன்னியப்பா, அவசரப்படாதே. தெனம் ஒரு முழம் நகர்த்து."

அப்படித்தான் செய்தோம். தினம் காலை ஒரு முழம். முழங்கையை உமியில் வைத்து அளந்து, இருவர் பிடித்து, ஆட்டாமல் நகர்த்துவோம். குழாயில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்ப்பேன். ஏறினால் அன்றைக்கு அரை முழத்தோடு சரி. அறுபது, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து என்று லாக் புத்தகத்தில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி எழுதினேன். பதினெட்டு நாளில் கதவோரம் வந்து சேர்ந்தது. இவ்வளவும் சாட்சியைக் காப்பாற்றச் செய்தோமே தவிர, பீருக்கு நல்லதென்று செய்யவில்லை. இப்படித்தான் இறக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் புத்தகம் போட்டு வைத்திருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்!

முதலில் அது பார்க்கச் சகிக்காது. மழைக்காலத்து ஏரித் தண்ணீர் நிறம். குழாய் முனையில் அவித்த முட்டை வாடை, அதோடு வெண்ணெய் வாடை. லோடு ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். "இத்தயா அந்தாளு குடிப்பாரு? எங்க மாடு கூடக் குடிக்காதுப்பா," என்பார்கள்.

கதவோரம் வந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, ஜாடியின் தோள் பக்கத்தில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நிறம் வேறாக இருந்தது. வெளிச்சத்தின் வேலை என்று நினைத்தேன். மறுநாள் இரண்டு விரற்கடை. மேலே தெளிவு, கீழே கலங்கல். நடுவில் கோடு கிழித்த மாதிரி எல்லை. அந்த எல்லை தினம் கீழே இறங்கிற்று. முட்டை வாடை குறைந்தது. பிறகு வெண்ணெய் வாடையும் போயிற்று. அடியில் அரைத்த உளுந்து போல வெளுப்பாக ஒன்று படிந்து, படிந்து, இறுகிற்று.

நான் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அங்கே போய் நிற்க ஆரம்பித்தேன். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பல் தந்தியடிக்க நிற்பேன். நாங்கள் காற்று ஊதி, ஆட்டி, உறிஞ்சி, படாத பாடு பட்டு ஒரு பாளத்தில் வரவழைக்கிற தெளிவு, இங்கே தொடாமலே வந்துகொண்டிருந்தது. குளிரும் பொறுமையும் தவிர நாங்கள் அதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. குளிரை நான் அதுவரை ஒரு சரக்காகத்தான் நினைத்திருந்தேன். தயாரித்து, அறுத்து, உமி போட்டு அனுப்பி வைப்பது. அது உள்ளே புகுந்து உட்கார்ந்து இப்படி ஒரு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியாது. சொன்னால் சிரிப்பீர்கள், ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

கேஸ் வாய்தாவுக்கு மேல் வாய்தா. முனிரத்தினத்தின் வக்கீல், கிராமம் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று முடிவாகாமல் விசாரிக்கக் கூடாது என்று மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பக்கமும் மதுவிலக்குத்தான். எந்தப் பக்கம் போனாலும் குற்றம் குற்றம்தான். ஆனாலும் நாலு மாதம் அவர் தள்ளிவிட்டார். ஆனி கடைசியில் ஜாடிக்கு அந்தப் பக்கம் நின்ற நாயுடுவின் சட்டைப் பொத்தான்களை நான் எண்ண முடிந்தது. நிறம் பொன். அதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. லோடு ஆட்கள் அந்த இடம் வந்தால் சத்தம் குறைத்து நடந்தார்கள்.

நாயுடு மட்டும் வழக்கம்போலவே இருந்தார். புறங்கையால் ஒருமுறை ஜாடியைத் தொட்டார். "முப்பத்துமூணு," என்றார். அவர் மெச்சுவது அப்படித்தான்.

இவ்வளவையும் நான் பார்த்தேன். லாக் புத்தகத்தில் நாள் வாரியாக முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று என்று மட்டும்தான் இருந்தது.

ஆடியில் ஜாடியைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி ஓலை வந்தது. நாங்கள் அதைக் கொண்டுபோன அழகைக் கேளுங்கள். மாட்டு வண்டி குலுக்கும் என்று வேண்டாமென்றேன். தள்ளுவண்டியில் ஒரு சாண் உமி போட்டு, சுற்றிலும் ஐஸ் அடுக்கி, காலை வெயில் ஏறுமுன் கிளம்பினோம். முன்னால் ஒருவன் கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே போனான். நான் ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். வழியில், "இன்னாய்யா, சாமி ஊர்கோலமா?" என்று கேலி செய்தார்கள். அடி வண்டல் ஒரு துளி கிளம்பவில்லை. கோர்ட் வாசலில் ஈரத்துணியால் ஜாடியைப் பளபளவென்று துடைத்தேன். நல்ல சரக்கைக் கொண்டுவந்து கொடுக்கிறோம் என்ற பெருமை. ஐஸ்காரன் புத்தி வேறு எங்கே போகும்?

ஜாடியைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தோம். ஜன்னல் வெளிச்சம் அதன் வழியாக வந்து சுவரில் மஞ்சளாக விழுந்தது. கோர்ட்டில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

ஜாடியைப் பிடித்த அன்று இன்ஸ்பெக்டர் எழுதிய மகஜரைக் குமாஸ்தா படித்தார். "சேற்றுத் தண்ணீர் போல் கலங்கலான, துர்வாடை வீசும் பழுப்புத் திரவம்."

மாஜிஸ்ட்ரேட் ஜாடியைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "இதுதான் நீங்கள் கைப்பற்றியதா?"

இன்ஸ்பெக்டர் கிட்டே வந்து முகர்ந்தார். முகம் கறுத்துவிட்டது. "இல்லீங்க. நாங்க புடிச்ச சரக்கு இது இல்லவே இல்ல. சீல் அப்படியே கீது, ஆனா குழாய் கீதே! குழாய் வழியா உறிஞ்சிக் குடிச்சிட்டு வேற எத்தயோ ஊத்தி வெச்சிகிறாங்க."

முனிரத்தினத்தின் வக்கீல் துள்ளி எழுந்தார். இதைவிட என்ன வேண்டும் அவருக்கு? "என் கட்சிக்காரரின் பார்லித் தண்ணீரும் இது இல்லை. சாட்சிப் பொருள் மாற்றப்பட்டிருக்கிறது. இனி கேஸே கிடையாது."

இரண்டு பக்கமும் ஒத்துப்போய்விட்டது. இரண்டு விரலும் என்னை நோக்கித்தான் நீண்டன. கோர்ட் சொத்தைத் திருடியவன் என்றால் என்ன ஆகும் என்று எனக்குப் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளே மெதுவாகச் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். யாரும் தொடவில்லை, தானாகவே தெளிந்தது என்று சொல்லிப் பார்த்தேன்.

"இவர் தானாகவே தெளிந்தது என்கிறார். எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். கூடவே வந்திருந்த நாயுடு லாக் புத்தகத்தை நீட்டினார். மாஜிஸ்ட்ரேட் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "டிகிரி மட்டும்தான் இருக்கிறது. தெளிந்தது என்று ஒரு வார்த்தைகூட இல்லையே?"

"நான்தான் எழுதாதேன்னு சொன்னேன்," என்றார் நாயுடு. அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். "தப்பு என்னுது." அது சட்டத்தில் எடுபடவில்லை. கையெழுத்து என்னுடையது.

அப்போதுதான் முனிரத்தினத்தைக் கவனித்தேன். கூண்டில் நின்றிருந்தார், ஐம்பது வயது இருக்கும், நரைத்த கிருதா. வாயைத் திறக்காமல் நின்றால் போதும், மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். அவர் மனைவி பின்பெஞ்சில் ஏற்கெனவே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். இவரோ யாரையும் பார்க்கவில்லை. ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து அவர் கண் அதைவிட்டு நகரவில்லை.

"சாமி," என்றார். "நான் கிட்டப் போய்ப் பார்க்கலாமா?"

வக்கீல் கையை ஆட்டினார், பேசாதே என்று. மாஜிஸ்ட்ரேட் தலையசைத்தார்.

முனிரத்தினம் வந்து மேஜையருகே குந்தினார். ஜாடியின் அடியைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், விரலால் வெளிப்பக்கம் அந்த வண்டல் கோட்டைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, ஏதோ நாங்கள் இரண்டு பேர் மட்டும் அங்கே இருப்பதுபோல, "எவ்ளோ குளுர்ல வெச்சிருந்தே?" என்று கேட்டார்.

"முப்பத்துமூணு."

"ஒரேடியாவா எறக்கினே?"

"இல்ல. தெனம் ஒரு முழம்."

அவர் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எழுந்து மாஜிஸ்ட்ரேட் பக்கம் திரும்பினார். "சாமி, யாரும் மாத்தல. இது நான் காச்சின பீர்தான். குளுர்ல கெடந்தா இப்படித்தான் தெளியும். துரை சொல்லிக்கினே இருப்பாரு, நான் பார்த்ததில்ல. கலங்கல் எங்கயும் போவல, தோ அடியில உக்காந்துகினுகீது. குலுக்கினா இன்ஸ்பெக்டரு எழுதின மாதிரியே ஆய்டும்."

பின்பெஞ்சில் ஒரு சத்தம் கேட்டது. அவர் மனைவி உட்கார்ந்துவிட்டார். வக்கீல் காகிதங்களைக் கட்ட ஆரம்பித்தார்.

மாஜிஸ்ட்ரேட் மகஜரை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "குலுக்கிக் காட்டு," என்றார்.

என்னால் முடியவில்லை. என்னை விடுவிக்கிற காரியம், இரண்டு கையாலும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினால் போதும். கையை வைத்தேன், அசைக்க வரவில்லை. நாலு மாதம் நான் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேனோ, அதை என் கையாலேயே எப்படிக் கெடுப்பேன்?

"ஒரு நிமிசம் இருக்கட்டும் சாமி," என்றார் முனிரத்தினம். அந்த ஒரு நிமிஷமும் பார்த்தார். அப்புறம் என் கையை விலக்கிவிட்டு, ஜாடியைச் சாய்த்து ஒரு சுழற்றுச் சுழற்றினார். அடியிலிருந்து புகை மாதிரி கிளம்பிற்று. சுருண்டு சுருண்டு மேலே ஏறிற்று. சுவரில் விழுந்த மஞ்சள் வெளிச்சம் மங்கி, அணைந்து, மகஜரில் எழுதியிருந்த அதே சேற்றுத் தண்ணீர் எல்லோர் முன்னாலும் நின்றது.

அவருக்கு நாலு மாதம் போட்டார்கள். ஜாடியை அன்று சாயங்காலமே கோர்ட் உத்தரவுப்படி வேப்பமரத்தடியில் கவிழ்த்தார்கள். அதற்கும் நான்தான் சாட்சிக் கையெழுத்து.

சிறையிலிருந்து வந்தபின் அவர் ஒருநாள் ஃபாக்டரிக்கு வந்தார். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நாயுடு தன் கம்பளியைக் கழற்றிக் கொடுத்தார். முன்னறைக் கதவோரம், உமியில் ஜாடி அழுந்தியிருந்த வட்டம் இன்னும் இருந்தது. முனிரத்தினம் அதன் பக்கத்தில் நின்று, வாயிலிருந்து ஆவி வர, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

நான் கேட்டுவிட்டேன். "ஐயா, அன்னிக்கு நீங்க பேசாம இருந்திருந்தா வூட்டுக்குப் போயிருக்கலாம். எனுக்காகவா பேசினீங்க?"

"உனுக்காகவா? உன் பேர் கூட அப்போ எனுக்குத் தெரியாதே," என்றார். பிறகு வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத்த ஒரு துளி வண்டல் கெளம்பாம ரோட்ல எட்தாந்து மேஜைமேல வெச்சுகிறே. அத்தப் பார்த்தப்புறம், நீ திருடன்னு நாலு பேர் சொல்றத எப்படிப்பா கேட்டுக்கினு நிப்பேன்?"